பிளாங்க் ஒரு நிமிஷம் வந்துடுச்சா? நேரத்தைக் கூட்டாதீங்க, படியை மாத்துங்க! 'கோர்' பயிற்சியில் எளிதிலிருந்து கடினத்துக்குப் போவது எப்படி?

9 மணி நேரம், 38 நிமிடம், 47 விநாடி. செக் குடியரசைச் சேர்ந்த யோசெஃப் ஷாலெக் என்பவர் 2023-ம் ஆண்டு மே மாதம் இவ்வளவு நேரம் பிளாங்க் நிலையில் இருந்து கின்னஸ் சாதனை படைத்தார். சாதனைக்கு இது சரி. ஆனால் முதுகு வலிக்காமல் உட்கார்ந்து வேலை பார்க்கணும், குனிந்து வாளியைத் தூக்கணும், பைக்கில் போய் வரணும் என்று நினைப்பவருக்கு இந்த நேரக் கணக்கு தேவையா?

தேவையில்லை. ஆனாலும் வீட்டில் உடற்பயிற்சி தொடங்கும் பலரும் முதல் நாளே பார்ப்பது கடிகாரத்தைத்தான். இன்று 30 விநாடி, நாளை 45, அடுத்த வாரம் ஒரு நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போகிறார்கள். நேரம் கூடும். கூடவே இடுப்பு தொய்யும், கீழ் முதுகில் வலி வரும். "இது நமக்கு ஒத்துவராது" என்று பயிற்சியையே விட்டுவிடுவார்கள். தப்பு பயிற்சியில் இல்லை. ஏறும் வரிசையில்தான் இருக்கிறது.

'கோர்' எனப்படும் உடலின் நடுப்பகுதித் தசைகளுக்கான பயிற்சியை எங்கே தொடங்கணும், எப்போது அடுத்த படிக்குப் போகணும், எப்போது ஒரு படி இறங்கணும்? விரிவாகப் பார்ப்போம்.

கோர் என்றால் சிக்ஸ் பேக்கா?

இல்லை. வயிற்றின் முன்பக்கம் கட்டுக்கட்டாகத் தெரியும் தசை, கோரின் ஒரு பகுதி மட்டுமே. கோரை ஒரு பெட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்னாலும் பக்கவாட்டிலும் வயிற்றுத் தசைகள். பின்னால் முதுகெலும்பை ஒட்டிய தசைகள். மேல் மூடி, மூச்சு விட உதவும் உதரவிதானம். அடித்தட்டு, சிறுநீர்ப்பையையும் குடலையும் தாங்கும் இடுப்புத்தளத் தசைகள். இந்த நான்கு பக்கமும் ஒன்றாக இறுகினால்தான் நடுவில் இருக்கும் முதுகெலும்புக்குப் பாதுகாப்பு.

இந்தப் பெட்டியின் முக்கியமான வேலை அசைவது அல்ல, அசையாமல் காப்பது. நின்றுகொண்டு போகும் பஸ்ஸில் டிரைவர் சடன் பிரேக் போடும்போது உடம்பு முன்னால் மடங்காமல் நிற்கிறதே, அது கோர் செய்யும் வேலை. ஒரு கையில் மட்டும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது உடம்பு அந்தப் பக்கம் சாயாமல் இருப்பதும் அதனால்தான்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் ஆகியோர் 1996-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் பெரிதும் பேசப்படுகிறது. ஒருவர் கையைத் தூக்கும்போது, கை அசைவதற்கு முன்பே வயிற்றின் ஆழத்தில் உள்ள தசை வேலையைத் தொடங்கிவிடுகிறது. கீழ் முதுகுவலி உள்ளவர்களுக்கு இந்தத் தசை தாமதமாக இயங்கியது என்று அந்த ஆய்வு காட்டியது. கோர் பயிற்சிகள் உலகம் முழுக்கப் பிரபலமானதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அமெரிக்கக் கடற்படைகூட தனது உடற்தகுதித் தேர்வில் பல ஆண்டுகளாக இருந்த, படுத்து எழும் 'கர்ல்-அப்' பயிற்சியை நீக்கிவிட்டு, 2021-ல் பிளாங்க்கைக் கொண்டுவந்தது குறிப்பிடத்தக்கது.

முதல் பாடம்: இறுக்கு, ஆனால் மூச்சு விடு

எந்தப் பயிற்சியைத் தொடங்கும் முன்பும் இரண்டு விஷயங்கள் கைவர வேண்டும்.

ஒன்று, முதுகின் இயல்பான நிலை. மல்லாக்கப் படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். இடுப்புக்குப் பின்னால் தரைக்கும் முதுகுக்கும் இடையே சின்ன இடைவெளி இருக்கும். இடுப்பை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். முழுக்க வளைந்த நிலைக்கும் முழுக்கத் தட்டையான நிலைக்கும் நடுவில், வலியில்லாமல் சௌகரியமாக இருக்கும் இடம்தான் உங்கள் இயல்பு நிலை.

இரண்டு, வயிற்றை இறுக்குவது. வயிற்றை உள்ளே இழுப்பது அல்ல இது. இடுப்பின் இரு பக்கமும் விரல்களை வைத்து லேசாக இருமிப் பாருங்கள். விரலுக்கு அடியில் ஏதோ கெட்டியாகும் அல்லவா? அந்தக் கெட்டித்தன்மையை இருமாமல் கொண்டுவர வேண்டும். அப்படி இறுக்கிய நிலையிலேயே சாதாரணமாக மூச்சு விடவும் முடிய வேண்டும். மூச்சை அடக்கினால்தான் இறுக்க முடிகிறது என்றால், நீங்கள் செய்யும் படி உங்களுக்கு இன்னும் அதிகம் என்று அர்த்தம்.

கஷ்டத்தைக் கூட்ட 5 வழிகள்

பயிற்சியைக் கடினமாக்க நேரம் ஒன்றுதான் வழி என்று நினைப்பதால்தான் பலரும் சிக்குகிறார்கள். உண்மையில் வேறு வழிகள் நிறைய உண்டு.

1. நீளம்: தண்ணீர் நிறைந்த சொம்பை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பது சுலபம். அதே சொம்பைக் கையை நீட்டிப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் கை நடுங்கும். எடை மாறவில்லை, நீளம்தான் மாறியது. இதுவே நெம்புகோல் தத்துவம். முழங்காலை மடக்கிச் செய்வதைவிடக் காலை நீட்டிச் செய்வது கடினம்.

2. ஊன்றும் இடங்கள்: இரண்டு கை, இரண்டு கால் என நான்கு இடங்களில் ஊன்றுவது எளிது. அதை மூன்றாக, இரண்டாகக் குறைத்தால் உடம்பு திரும்பப் பார்க்கும். அதைத் தடுப்பது கோரின் வேலை.

3. அகலம்: பாதங்களை அகட்டி வைத்தால் எளிது. ஒட்டி வைத்தால் கடினம்.

4. அசைவு: நடுப்பகுதியை அசைக்காமல் கை கால்களை மட்டும் அசைப்பது, சும்மா நிலையாக இருப்பதைவிடக் கடினம்.

5. எடை: தண்ணீர் பாட்டில், டம்பெல், ரப்பர் பேண்ட் எல்லாம் கடைசியில்தான் வர வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காலையும் நீட்டி, எடையையும் சேர்த்து, நேரத்தையும் கூட்டினால், வலி வரும்போது எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. அகலக்கால் வைக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வது இங்கேயும் பொருந்தும்.

4 பயிற்சிகள், படிப்படியாக

டெட் பக்: மல்லாந்து கிடக்கும் கரப்பான்பூச்சி கை காலை ஆட்டுவது போல இருப்பதால் இந்தப் பெயர். முதுகு முழுக்கத் தரையில் இருப்பதால், தொடங்குபவர்களுக்கு ஏற்றது.

• படி 1: முழங்கால்களை மடக்கிப் படுத்து, இடுப்பை அசைக்காமல் ஒரு பாதத்தை மட்டும் சில அங்குலம் தூக்கி இறக்கவும். பிறகு மறு பாதம்.
• படி 2: நாற்காலியில் உட்கார்ந்தது போல இரண்டு கால்களையும் மேலே மடக்கி வைத்து, ஒரு குதிகாலால் மட்டும் தரையைத் தொட்டுத் திரும்பவும்.
• படி 3: கைகளை மேலே நீட்டி, வலது கையைத் தலைக்குப் பின்னாலும் இடது குதிகாலைத் தரைக்கும் ஒரே நேரத்தில் கொண்டுபோகவும். அடுத்து இடது கை, வலது கால்.
• படி 4: அதே அசைவு. ஆனால் கால் முழுக்க நீளும், தரையைத் தொடாது.
• படி 5: கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்.

கவனிக்க வேண்டியது: கால் இறங்கும்போது இடுப்பு தரையிலிருந்து வில் போல எழும்பினால் அந்தப் படி அதிகம். உடனே முந்தைய படிக்கு வந்துவிடுங்கள்.

பேர்ட் டாக்: கை, முழங்கால்களை ஊன்றித் தவழும் நிலையில் செய்வது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பு ஆய்வுகளுக்காக அறியப்பட்ட பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைத்த மூன்று அடிப்படைப் பயிற்சிகளில் இதுவும் ஒன்று. தலை, தோள்களை மட்டும் லேசாக எழுப்பும் ஒரு வகை கர்ல்-அப்பும், சைட் பிளாங்க்கும் மற்ற இரண்டு.

• படி 1: ஒரு கையை மட்டும் முன்னால் நீட்டவும்.
• படி 2: கைகளை ஊன்றியபடி, ஒரு காலைத் தரையோடு உரசிப் பின்னால் நீட்டி, பிறகு லேசாகத் தூக்கவும்.
• படி 3: வலது கை, இடது கால் இரண்டையும் நீட்டி 10 விநாடி நிற்கவும். பிறகு மறுபக்கம்.
• படி 4: நீட்டிய கை காலைத் தரையில் வைக்காமல், முழங்கையையும் முழங்காலையும் வயிற்றுக்குக் கீழே கொண்டுவந்து மீண்டும் நீட்டவும்.
• படி 5: நீட்டிய கையால் காற்றில் சின்னச் சதுரம் வரையவும். இடுப்பு ஆடக்கூடாது.

கவனிக்க வேண்டியது: இதில் காலை உயரத் தூக்குவது இலக்கு அல்ல, பின்னால் நீட்டுவதுதான். இடுப்பின் மேல் பாதி தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் டம்ளரை வைத்துப் பாருங்கள். தண்ணீர் சிந்தினால் கண்ணாடியே தேவையில்லை, தப்பு தெரிந்துவிடும்.

பிளாங்க்: எல்லோருக்கும் தெரிந்த பயிற்சி. ஆனால் பலரும் நான்காவது படியில் தொடங்குகிறார்கள் என்பதுதான் பிரச்னை.

• படி 1: சுவரில் முழங்கைகளை ஊன்றி, பாதங்களைக் கொஞ்சம் பின்னால் வைத்துச் சாய்ந்து நிற்கவும்.
• படி 2: சமையல் மேடை அல்லது நகராத மேஜை மீது முழங்கைகளை ஊன்றவும். உயரம் குறையக் குறையக் கஷ்டம் கூடும்.
• படி 3: தரையில் முழங்கைகளும் முழங்கால்களும்.
• படி 4: தரையில் முழங்கைகளும் கால் விரல்களும். இதுதான் முழு பிளாங்க்.
• படி 5: முழு பிளாங்க்கில் ஒரு காலை ஓர் அங்குலம் மட்டும் தூக்கவும்.
• படி 6: தண்டால் எடுக்கும் நிலையில், இடுப்பு ஆடாமல் ஒரு கையால் எதிர்த் தோளைத் தொடவும்.
• படி 7: முழங்கைகளைத் தோளுக்கு நேர்க்கீழே வைக்காமல், சற்று முன்னால் நகர்த்தி நிற்கவும். கையில் பிடித்து உருட்டும் 'ஆப் வீல்' இதற்கும் அடுத்த கட்டம்.

ஒரு நிமிட பிளாங்க் போர் அடிக்கிறது என்பவர்களுக்கு ஒரு வழி: முழு பிளாங்க்கில், முழங்கைகளைக் கால் பக்கமும் கால் விரல்களைக் கை பக்கமும் இழுப்பது போல அழுத்தி, பிட்டத் தசைகளையும் இறுக்குங்கள். உடம்பு நகராது. ஆனால் 10 விநாடியிலேயே நடுக்கம் வரும்.

சைட் பிளாங்க்: பக்கவாட்டுத் தசைகளுக்கானது.

• படி 1: சுவரில் ஒரு முழங்கையை ஊன்றிப் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கவும்.
• படி 2: ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கி, முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்கவும்.
• படி 3: கால்களை நீட்டி, ஒரு பாதத்தை மற்றதற்கு முன்னால் வைத்து இடுப்பைத் தூக்கவும்.
• படி 4: பாதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கவும்.
• படி 5: மேல் காலைத் தூக்கவும்.

தோள்பட்டை வலி உள்ளவர்கள் சுவரோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

அடுத்த படிக்கு எப்போது போகலாம்?

நாள்காட்டியைப் பார்த்து அல்ல, உடம்பைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. நான்கு கேள்விகளுக்கும் 'ஆமாம்' என்றால் தாராளமாக ஏறலாம்.

• முதல் முறை செய்தபோது இருந்த நிலை, கடைசி முறையிலும் அப்படியே இருக்கிறதா?
• பயிற்சியின்போது இயல்பாக மூச்சு விட முடிகிறதா?
• களைப்பு வயிற்றிலும் பக்கவாட்டிலும் தெரிகிறதா? கீழ் முதுகிலும் கழுத்திலும் வலி இல்லாமல் இருக்கிறதா?
• மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழும்போது முதுகு வழக்கம்போல இருக்கிறதா?

தொடர்ந்து மூன்று முறை இப்படி வந்தால் அடுத்த படியை முயலலாம். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் அதே படியில் தொடருங்கள். இரண்டுக்கு மேல் 'இல்லை' என்றால் ஒரு படி இறங்குங்கள்.

முதுகு நேராக இருக்கிறதா என்று தனியாகச் செய்பவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டில் யாரையாவது ஓர் ஒட்டடைக் கம்பையோ மாப் கட்டையையோ முதுகின் நீளத்துக்கு வைக்கச் சொல்லுங்கள். பின்தலை, மேல் முதுகு, இடுப்புக்குக் கீழே வால் எலும்புப் பகுதி ஆகிய மூன்று இடங்களிலும் கம்பு தொட வேண்டும். ஒன்று விலகினாலும் நிலை கெட்டுவிட்டது. யாரும் இல்லையா? செல்போனைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்துப் பார்த்தாலே போதும்.

எத்தனை விநாடி, எத்தனை முறை?

நீண்ட நேரம் ஒரே மூச்சாகப் பிடிப்பதைவிட, சிறு சிறு இடைவெளியில் பலமுறை பிடிப்பதே மெக்கில் சொல்லும் முறை. தசை சோர்ந்த பிறகு நிலை கெடும், கெட்ட நிலையில் பிடிக்கும் ஒவ்வொரு விநாடியும் முதுகுக்குத்தான் பாரம். இதற்கு அவர் சொல்வது ஓர் இறங்குவரிசைக் கணக்கு. உதாரணமாக, ஒவ்வொன்றும் 10 விநாடி வீதம் முதலில் 6 முறை, ஓய்வு. பிறகு 4 முறை, ஓய்வு. கடைசியாக 2 முறை. களைப்பு ஏற ஏற எண்ணிக்கை குறைவதால், கடைசி வரை நிலை கெடாது.

புதிதாகத் தொடங்குபவர்கள் இதையும் பாதியாக்கி 3, 2, 1 என்று செய்யலாம். ஒரு புதிய படிக்கு ஏறும்போது எண்ணிக்கையை மறுபடி 3, 2, 1-லிருந்தே தொடங்க வேண்டும். இதை மறந்துவிட்டு, பழைய படியில் செய்த எண்ணிக்கையையே புதிய படியிலும் செய்யப் போய்த்தான் பலருக்கும் பிடிப்பு வருகிறது.

வாரத்துக்கு மூன்று நாள் செய்வதாக ஒரு மாதிரித் திட்டம்:

• 1, 2-ம் வாரம்: நான்கு பயிற்சிகளிலும் படி 1. நோக்கம், இறுக்கமும் மூச்சும் சேர்ந்து வர வேண்டும்.
• 3, 4-ம் வாரம்: படி 2. எண்ணிக்கை 3, 2, 1.
• 5, 6-ம் வாரம்: அதே படி 2. எண்ணிக்கை 6, 4, 2.
• 7, 8-ம் வாரம்: சரியாக வரும் பயிற்சியில் மட்டும் படி 3. மற்றவை அதே படியில்.

நான்கிலும் ஒரே வேகத்தில் ஏற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிளாங்க்கில் ஐந்தாவது படியில் இருப்பவர் சைட் பிளாங்க்கில் இரண்டாவது படியில் இருப்பது சகஜம்தான். காய்ச்சல், தூக்கமின்மை, நீண்ட பயணம், ஒரு மாத இடைவெளி போன்றவற்றுக்குப் பிறகு ஒரு படி இறங்கித் தொடங்குவதும் தோல்வி அல்ல.

கோர் பயிற்சி செய்தால் முதுகுவலி போய்விடுமா?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ல் உலகம் முழுக்க 61.9 கோடி பேர் கீழ் முதுகுவலியால் பாதிக்கப்பட்டிருந்தனர். 2050-ல் இது 84.3 கோடியாகும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அதே நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட கீழ் முதுகுவலிக்கு உடற்பயிற்சித் திட்டங்களைப் பரிந்துரைக்கிறது. பலரும் கடையில் வாங்கிக் கட்டிக்கொள்ளும் இடுப்பு பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாக அது பரிந்துரைக்கவில்லை.

அதற்காக கோர் பயிற்சி மட்டுமே மந்திரம் என்றும் சொல்ல முடியாது. ஆழத் தசைகளைப் பழக்கும் பயிற்சிகள் குறித்த ஆய்வுகளை ஒன்றாக அலசி 2016-ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, நாள்பட்ட முதுகுவலியில் இவை மற்ற உடற்பயிற்சிகளைவிடப் பெரிய அளவில் சிறந்தவை அல்ல என்றே கூறியது. நடைப்பயிற்சியும் கால்களுக்கான பயிற்சியும் சேர்ந்தால்தான் முழுமை. எந்தப் பயிற்சி என்பதைவிட, பயந்து நிறுத்தாமல் தொடர்ந்து செய்ய முடிகிறதா என்பதே பெரிய விஷயம். படிப்படியாக ஏறுவதன் பலனும் அதுதான்.

யார் டாக்டரைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்?

• கர்ப்பிணிகள், சமீபத்தில் பிரசவம் ஆனவர்கள். பிரசவத்துக்குப் பிறகு வயிற்றின் நடுவே தசைகள் விலகியிருக்கலாம். பயிற்சியின்போது வயிற்றின் நடுப்பகுதி கூம்பு போல எழும்பினால் நிறுத்திவிட வேண்டும்.
• சிசேரியன் உள்ளிட்ட வயிற்று அறுவை சிகிச்சை செய்தவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள்.
• ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், இதய நோயாளிகள். மூச்சை அடக்கி இறுக்குவது இவர்களுக்கு ஆபத்து.
• எலும்புத் தேய்மானத்தால் எலும்பு பலவீனமானவர்கள். முதுகை மடக்கி எழும் சிட்-அப் வகைகளைத் தவிர்க்க வேண்டும்.

முதுகுவலியோடு காலில் மரத்துப்போவது அல்லது பலம் குறைவது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, கீழே விழுந்த பிறகு வலி ஆகியவை இருந்தால் பயிற்சியைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழப்பது, தொடைகளின் உட்பகுதியும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போவது ஆகியவை அவசர நிலை. ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மற்றவர்கள் இன்றே தொடங்கலாம். மேட் வேண்டாம், ஜிம் வேண்டாம். ஒரு சுவர், ஒரு பாய், பாதி தண்ணீர் ஊற்றிய ஒரு டம்ளர் இருந்தால் போதும். முதல் படி ரொம்ப ஈஸியாகத் தெரிந்தால் கவலைப்படாதீர்கள். ஈஸியாகத் தெரிய வேண்டிய படிதான் அது.